ஆடிப்பட்டம் கடல் கடந்த கதை



“ஆடிப்பட்டம் தேடி விதை” என்னும் பழமொழியை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கிறோம். பொருளைச் சொல்கிறோம், சூழலை எழுதச் சொல்கிறோம், தேர்விலும் கேட்கிறோம். மாணவர்களும் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மாணவன் எழுந்து நின்று, “ஆசிரியரே, ஆடி மாதத்தில் நம் ஊரில் விதைக்கலாமா?” என்று கேட்டால் என்ன விடை சொல்வோம்?

ஆடி என்பது சூலைத் திங்களின் நடுவில் தொடங்கி ஆகஸ்டுத் திங்களின் நடுவில் முடியும் மாதம். நெகிரி செம்பிலானில் சூனும் சூலையும் மழை குறைந்த காலத்தைச் சேர்ந்தவை. தாயகத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வரும் அதே நாள்களில் இங்கே கொல்லைப்புற மண் இறுகிக் கிடக்கும். அப்படியானால் இந்தப் பழமொழியை நம்பிக் கப்பலேறி வந்த நம் முன்னோர் என்ன செய்தார்கள்? சுரையையும் பூசணியையும் பீர்க்கையும் புடலையையும் எந்தப் பருவத்தில் ஊன்றினார்கள்? எங்கே ஊன்றினார்கள்? அந்த நிலம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது, பின்னர் எப்படிப் போனது?

சிறிய கேள்விகள்தாம். ஆயினும் இவற்றைத் தொடர்ந்து சென்றால் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழரின் நூறாண்டு வாழ்க்கை நமக்குத் தெரியவரும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

தாயகத்தில் விதைப்பருவம்

முதலில் தாயகத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கொடிக்காய்களுக்கு இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று ஆடிப்பட்டம், மற்றொன்று தைப்பட்டம். தென்மேற்குப் பருவமழையால் மேற்கு மலைகளில் பெய்யும் நீர் ஆடியில் காவிரியில் பெருகி வரும். அதனையொட்டி விதைத்தால் வடகிழக்குப் பருவமழை கொடியை வளர்க்கும். இதுவே ஆடிப்பட்டத்தின் அடிப்படை. வானத்தைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, அதற்குச் சற்று முன்பாகவே விதையை ஆயத்தம் செய்துகொள்வது உழவரின் வழக்கம்.

அந்த ஆயத்தத்திற்குச் சமயச் சடங்கிலும் இடமுண்டு. மாரியம்மன் கோயில் விழாவில் பெண்கள் சுமந்து வரும் முளைப்பாரியை எண்ணிப் பாருங்கள். மண்பாண்டத்தில் எருவிட்டுத் தானியங்களைத் தூவி, இருட்டில் வைத்து, நாள்தோறும் நீர் தெளித்து முளைக்க வைக்கிறார்கள். பக்தியோடு செய்யப்படும் இச்செயல், வீட்டிலுள்ள விதை முளைக்கும் திறனுடையதா என்று நிலத்தில் இறங்குவதற்கு முன்பே கண்டுகொள்ளும் சோதனையாகவும் அமைகிறது. விதையை முன்கூட்டியே முளைக்கவைத்துப் பார்க்கும் அறிவு நம் பாட்டிமாருக்குப் புதிதன்று.

கொடிக்காய்கள் எளிய மக்களின் பயிர் என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. புறநானூற்றின் 116ஆம் பாடலில், பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர் தங்கியிருந்த சிறு வீட்டைக் கபிலர் காட்டுகிறார். அவ்வீட்டின் பக்கங்களில் பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கின்றன. முந்நூறு ஊர்களையுடைய பறம்பு நாட்டை ஆண்டவனின் பிள்ளைகளுக்கு எஞ்சியது சிறிய முற்றமும் குப்பைமேடும் கொடியுமே. நிலத்தை இழந்தவர் வீட்டிலும் சுரைக்கொடி படரும் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர் கண்டிருக்கிறார்.

கடல் கடந்த விதைகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி மறைந்து இரப்பர் வந்தது. சிரம்பான், லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமாஸ் என எங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணிகள் வழியாகவும் வந்தனர். 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இந்த வரவு ஓயவில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் நிலத்தோடு உறவுடையவர்கள். சொந்த நிலம் இல்லாதவரும் பிறர் நிலத்தில் உழுது விதைத்து அறுத்தவர்கள். அவர்கள் கைக்குப் பழகிய பயிர்கள் லயத்துக் கொல்லைகளில் வேரூன்றின. முருங்கையும் கறிவேப்பிலையும் வாசலில் நின்றன. அவரையும் பாகலும் வேலியில் ஏறின. சுரையும் பூசணியும் கூரையில் படர்ந்தன.

இந்தக் காய்களின் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடம். பூசணி வகையில் ஒன்றைப் பறங்கிக்காய் என்கிறோம். ‘பறங்கி’ என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அக்காய் ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே நமக்குக் கிடைத்தது என்பதை அப்பெயரே அறிவிக்கிறது. மெக்சிகோ நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூசணியினத்தைப் பயிரிட்டிருக்கிறார்கள். ஓவாக்சாக்கா வட்டாரத்துக் குகை ஒன்றில் கிடைத்த விதைகளைக் கொண்டு ஆய்வாளர்கள் இதனை நிறுவியுள்ளனர். இன்று பேரங்காடிகளில் நாம் காணும் சுக்கினி என்னும் பச்சைக்காயும் அந்த இனத்தில் பிறந்ததே. இத்தாலியர் அதனை இன்றைய வடிவில் வளர்த்தெடுத்தனர்.

மலாய்மொழியில் பீர்க்கு, புடலை வகைகளைப் ‘பெத்தோலா’ என்பார்கள். இது வடமொழியின் ‘படோல’ என்னும் சொல்லோடு உறவுடையது. பூசணிக்கும் சுரைக்கும் மலாயில் ‘லாபு’ என்று பெயர். சிரம்பானுக்கு அருகிலுள்ள லாபு என்னும் ஊரின் பெயரும் அதே சொல்லாக நிற்கிறது. அவ்வூரைச் சுற்றிய தோட்டங்களில்தான் தமிழர் பல தலைமுறை வாழ்ந்தனர். லாபுவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

ஆடி போய் இலையுதிர்காலம் வந்தது

பயிரைக் கொண்டுவரலாம், பருவத்தைக் கொண்டுவர முடியாது. நெகிரி செம்பிலான் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவு. பகலும் இரவும் பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டியே அமைகின்றன. ஆனால் மழை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பெய்வதில்லை. ஏப்ரலை ஒட்டி ஒரு முறையும், அக்டோபர், நவம்பரில் மற்றொரு முறையும் மழை மிகுகிறது. சனவரி, பிப்ரவரியிலும், சூன், சூலையிலும் குறைகிறது. மலைகள் சூழ்ந்த ஜெலுபு, கோலப்பிலா வட்டாரங்கள் தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதிகளைச் சேர்ந்தவை.

இதனை உலகின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். இங்கிலாந்தில் சுக்கினி விதையை ஏப்ரலில் வீட்டுக்குள்ளேயே சிறு தொட்டிகளில் முளைக்க வைப்பார்கள். வெளியே உறைபனி நீங்கியதும் நாற்றைத் தோட்டத்தில் நடுவார்கள். அங்கே உழவன் காத்திருப்பது வெப்பத்திற்காக. தமிழ்நாட்டில் உழவன் காத்திருப்பது ஆற்றுநீருக்காக. இங்கோ வெப்பத்திற்குப் பஞ்சமில்லை, காத்திருக்கவேண்டிய ஆறும் இல்லை. மழையின் இரு அலைகளை மட்டும் கணக்கிட வேண்டியிருந்தது.

அந்தக் கணக்குக்கு ஏதுவான நாள்காட்டி ஒன்று தோட்டத்திலேயே இருந்தது. அதுதான் பால்மரம். ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட நாள்களில், இரப்பர் மரம் தன் இலைகளையெல்லாம் உதிர்க்கும். பிப்ரவரி, மார்ச்சில் காடே மொட்டையாகும். பிறகு செந்தளிர் விடும். தளிர் முற்றும் வேளையில் ஏப்ரல் மழை வந்து சேரும். ஆக, இலை உதிரத் தொடங்கினால் மழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன என்று பொருள். கொடிவிதையை முன்கூட்டி முளைக்கவைப்பதற்கு அதைவிடச் சிறந்த அடையாளம் வேண்டியதில்லை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானமும் குறையும். வீட்டில் கை சுருங்கும் அதே மாதங்களில்தான் கொல்லையில் விதை ஊன்றவேண்டிய பருவமும் வந்தது. பீர்க்கும் சுரையும் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் காய் தரும். பூசணிக்கு மூன்று மாதங்களுக்கு மேலாகும். மார்ச்சில் ஊன்றிய பீர்க்கு மே மாதத்தில் குழம்புக்கு வரும். விதைப்பதில் ஒரு மாதம் பிந்தினால், அந்த ஒரு மாதத்துக் காய்கறியையும் கடையில் கடனுக்கு வாங்கவேண்டும். பருவம் அறிந்து விதைப்பது அவர்களுக்கு வயிற்றுப் பாடாக இருந்தது.

இரண்டாம் அலையாகிய அக்டோபர் மழைக்குப் புரட்டாசியில் விதைக்கலாம். செப்டம்பர் இறுதியில் ஊன்றிய பறங்கி ஏறத்தாழ நூறு நாள் கழித்துத் தைப்பொங்கலுக்குக் காய் தரும். ஆடிப்பட்டம் இந்த மண்ணில் இவ்வாறு மாசிக்கும் புரட்டாசிக்கும் இடம் மாறியது.

ஒரே சட்டம், இரண்டு உரிமை

சரி, விதைப்பதற்கு நிலம் எங்கிருந்து வந்தது? இது ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் அறியவேண்டிய செய்தி.

1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கேற்ப 1923இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு திருத்தி அமைக்கப்பட்டது. நெகிரி செம்பிலானும் அக்கூட்டரசில் ஒன்று. தோட்டத்தில் தங்கியுள்ள பள்ளி வயதுப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயது வரையுள்ளோர், பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஓர் ஏற்பாடு. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் இந்த ஏற்பாட்டை நாம் குறிப்பிடுகிறோம்.

அதே சட்டத்தொகுப்பில் இன்னோர் ஏற்பாடும் இருந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்பதே அது. பதினாறில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 2,722 சதுர அடி, அதாவது 253 சதுர மீட்டர். இரண்டு மீட்டர் இடைவெளியில் குழி எடுத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட பூசணிக்குழிகள் அதில் அடங்கும். ஒரு குடும்பம் தன் காய்கறித் தேவையைப் பார்த்துக்கொள்ள அது போதும்.

பிள்ளைக்குப் பள்ளி, குடும்பத்திற்குக் கொல்லை. இவ்விரண்டும் ஒரே சட்டத்தில் பிறந்தவை என்பதை நாம் நினைவில் நிறுத்த வேண்டும். பள்ளியைக் காக்க நாம் போராடினோம், இன்றும் போராடுகிறோம். கொல்லையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது போனதே தெரியாமல் போயிற்று.

இந்த ஏற்பாட்டைக் கருணையால் விளைந்தது என்று கருதுவதும் பொருந்தாது. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி என்று வரையறுக்கப்பட்டிருந்தது. கொல்லையில் விளையும் காய் அந்தக் கூலியின் போதாமையை மறைத்தது. தொழிலாளியும் தோட்டத்தை விட்டு எளிதில் நகரமாட்டான். முதலாளிக்கும் அதனால் ஆதாயம் உண்டு. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து இரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி குறைக்கப்பட்டது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியிருந்தோருக்குக் கொல்லையே துணையாயிற்று. கொல்லை ஒரே நேரத்தில் தொழிலாளியின் பாதுகாப்பாகவும் குறைந்த கூலிக்குச் சாக்காகவும் விளங்கியது. வரலாற்றைக் கற்பிக்கும்போது இந்த இரு முகங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுவது நம் கடமை.

சிரட்டையில் முளைத்த அறிவு

இனி, விதையை முன்கூட்டி முளைக்கவைத்த முறையைப் பார்ப்போம். தோட்டத்து முதியோரிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் முறைகள் இடத்துக்கு இடம் சற்று வேறுபடும். அடிப்படை ஒன்றே.

நன்கு முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டு விதை எடுப்பார்கள். விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள். ஈரக்காற்று மிகுந்த இந்நாட்டில் விதைக்கு முதற்பகை ஈரமே. வறண்ட இடத்தில் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும் பூசணிவிதை, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகையால் அடுப்புக்கு மேலே, புகைபடும் இடத்தில் விதைகளைத் தொங்கவிடுவது பட்டறிந்த முறை. உலர்ந்த சுரைக்குடுவையும் விதைப்பெட்டியாகப் பயன்பட்டது. எனினும் எத்தனை ஆண்டு காப்பது? ஆண்டுதோறும் விதைத்து, ஆண்டுதோறும் புதுவிதை எடுப்பதே உறுதியான காப்பு. ஓராண்டு விதைக்காமல் விட்டால் அந்த வித்து அந்த வீட்டோடு முடிந்துபோகக்கூடும்.

விதைக்கும் நாள் நெருங்கியதும் விதையை ஓரிரவு நீரில் ஊறவைப்பார்கள். பாகல், பீர்க்கு, புடலை ஆகியவற்றின் தோல் கடினமானது. ஆதலால் முனையைச் சற்றே கீறிவிடுவதும் உண்டு. ஊறிய விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெண்ணிற வேர் எட்டிப்பார்க்கும். பிறகு தேங்காய்ச் சிரட்டையிலோ, அடியில் துளையிட்ட பால் டின்னிலோ மக்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, ஒரு விதை மட்டும் ஊன்றுவார்கள்.

ஏன் ஒரு விதை? ஏன் சிரட்டை? இதில் அறிவியல் இருக்கிறது. கத்தரியையும் மிளகாயையும் நாற்றங்காலில் விட்டுப் பிடுங்கி நடலாம். கொடியினங்கள் அப்படியல்ல. அவற்றின் வேர் அறுபட்டால் செடி வாடிப் பின்தங்கும். ஆகவே வேர்மண் கலையாமல் அப்படியே குழியில் இறக்கும்படி தனித்தனிக் கலத்தில் வளர்க்கவேண்டும். சிரட்டையைத் தட்டி உடைத்தால் மண்கட்டி முழுதாக வெளிவரும். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதற்காகவே மக்கும் சிறு தொட்டிகளை விலைகொடுத்து வாங்குகிறார்கள். நம்மவர் குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சிரட்டைகளை வரிசையாக லயத்து அஞ்சடியில் கூரையோரம் வைப்பார்கள். காலை வெயில் படும், நண்பகல் வெயிலும் அடைமழையும் தாக்கா. குறிப்பாக அக்டோபர் மழைக்காலத்தில் நேராக மண்ணில் ஊன்றிய விதை அழுகிவிடும். ஆனால் அஞ்சடியில் இரண்டு மூன்று இலை விட்ட நாற்று அந்த மழையைத் தாங்கும். ஒரு வாரத்தில் முளை, மூன்று வாரத்தில் நடவு. நட்டபின் குழியைச் சுற்றிச் சாம்பல் தூவுவார்கள். கொடி ஏறப் பந்தலிடுவார்கள்.

பூக்கும் நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பூசணிப்பூ விடியலில் விரியும், முற்பகலுக்குள் மூடிவிடும். அந்நேரம் தொழிலாளர்கள் பிரட்டு முடிந்து பால்காட்டில் இருப்பார்கள். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். வேலை முடிந்து கொல்லைக்கு வருவோர் ஆண்பூவை எடுத்துப் பெண்பூவில் தொட்டுவிட அந்த வேளை ஏற்றது. பழ ஈ தாக்காமல் இளங்காயைத் தாளிலோ இலையிலோ பொதிந்து கட்டினால் காய் தப்பும். இவ்வளவையும் செய்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்தின் வாசலையும் மிதிக்காத தாய்மார்கள். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று நாம் பாடம் சொல்கிறோம். அவர்கள் கறிக்கு உதவும் சுரைக்காயை வளர்த்துக் காட்டினார்கள்.

சப்பானியர் காலமும் பகாவ் தரும் பாடமும்

1941 திசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தது. கப்பல் நின்றதும் அரிசி நின்றது. இரப்பர் ஏற்றுமதி நின்றதால் கூலியும் நின்றது. மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பலர் திரும்பவேயில்லை. ஆண்கள் போன வீடுகளில் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் மரவள்ளியையும் கீரையையும் கொடிக்காயையும் நம்பி உயிர் காத்தனர்.

இதே காலத்தில் நம் மாநிலத்தின் பகாவ் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்று இங்கே பொருத்தமானது. சிங்கப்பூரில் உணவு பற்றாக்குறை ஏற்பட்டதால், அங்கிருந்த கத்தோலிக்கர்களைச் சப்பானிய ஆட்சியினர் 1943 இறுதியிலிருந்து பகாவில் குடியேற்றினர். அவர்களில் பலர் யுரேசியர், சீனரும் இருந்தனர். காட்டைத் திருத்தி உணவு பயிரிட்டுத் தம்மைத் தாமே காத்துக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. வந்தவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தவர்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். மண் வளமற்றது, காடு மலேரியாவுக்கு உறைவிடம். நூற்றுக்கணக்கானோர் நோயாலும் பசியாலும் மாண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆயர் அடிரியன் டெவால்ஸ் 1945 சனவரியில் இறந்தார். மண்வெட்டியால் காலில் பட்ட காயமே அவர் உயிருக்கு எமனாயிற்று.

அவர்களின் உழைப்பில் குறையில்லை. நோய்தான் அவர்களைக் கொன்றது என்பதும் உண்மை. ஆயினும் விதையும் நிலமும் கொடுத்துவிட்டால் மட்டும் உணவு விளைந்துவிடாது என்பதைப் பகாவ் நமக்கு உணர்த்துகிறது. மண்ணின் தன்மையும், மழையின் நாளும், விதையின் பழக்கமும் அறிந்த கைகள் வேண்டும். அந்த அறிவு பல ஆண்டுப் பழக்கத்தால் சேர்வது. அவசரத்தில் அதனை எங்கும் வாங்க இயலாது.

கொல்லை மறைந்த விதம்

போருக்குப் பின் அமைதி வரவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதற்காகத் தோட்ட லயங்கள் பல முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. வேலிக்கு வெளியே உணவு எடுத்துச் செல்வது குற்றமாயிற்று. வேலிக்கு அப்பாலிருந்த கொல்லையில் தொழிலாளி விரும்பிய நேரத்தில் இறங்க முடியவில்லை.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. 1960களிலிருந்து இரப்பருக்குப் பதில் எண்ணெய்ப்பனை பரவியது. பனைத்தோட்டத்திற்குக் குறைந்த ஆள்கள் போதும். பிறகு நகரம் தோட்டத்தைத் தேடி வந்தது. சிரம்பான், நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தில் வாழ்ந்தோர் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தனர். 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டத்திலும் பயிரிடவும் மேய்க்கவும் நிலம் ஒதுக்கும் ஏற்பாடு இடம்பெற்றது. ஆனால் அது தோட்டத்தில் தங்கி வேலை செய்வோருக்கு உரியது. தோட்டத்தை விட்டு வெளியேறியவருக்கு அதனால் என்ன பயன்?

தோட்டம் மூடப்பட்டபோது இழப்பீடு பற்றிப் பேசினார்கள், வீடு பற்றிப் பேசினார்கள், கோயில் பற்றியும் பள்ளி பற்றியும் பேசினார்கள். அவை பேசப்படவேண்டியவையே. மூன்று தலைமுறையாக ஒரு குடும்பத்தின் கையில் இருந்த புடலைவித்து எங்கே போயிற்று என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. நான்காம் மாடியில் அடுப்புப்புகையும் இல்லை, கூரையோரமும் இல்லை. ஓராண்டு விதைக்காமல் விட்டார்கள், பிறகு அந்த வித்தும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

பழங்கதை பேசிப் பெருமூச்சு விடுவதற்காக இதனை எழுதவில்லை. தோட்ட வாழ்க்கை வறுமையும் அடக்குமுறையும் நிறைந்தது. அது திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அவ்வாழ்க்கையில் நம்மவர் தம் அறிவால் ஈட்டியவற்றை வறுமையோடு சேர்த்து எறிந்துவிடக்கூடாது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இவை:

1. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்னும் பழமொழியைக் கற்பிக்கும் நாளில், அது எந்த ஆற்றுக்கும் எந்த மழைக்கும் உரியது என்பதைச் சொல்லுங்கள். நம் ஊரின் மழை மாதங்களை மாணவர்களே ஓராண்டு குறித்துவரச் செய்யுங்கள். நம் ஊருக்குரிய பட்டம் எது என்று அவர்களே கண்டறியட்டும்.

2. பள்ளி தொடங்கிய காலத்தையும் அதற்குக் காரணமான 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சொல்லும்போது, பதினாறில் ஒரு பங்கு நிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளித்திடலில் அந்த அளவைக் கயிறு பிடித்து அளந்து காட்டுங்கள். ஏறத்தாழ 16 மீட்டருக்கு 16 மீட்டர். கணிதப் பாடமும் ஆயிற்று, வரலாற்றுப் பாடமும் ஆயிற்று.

3. ஆளுக்கொரு சிரட்டையில் ஒரு விதை ஊன்றச் செய்யுங்கள். எத்தனை முளைத்தன, எத்தனை நாளில் முளைத்தன என்று ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு சிரட்டையை வெயிலிலும் ஒன்றைக் கூரையடியிலும் வைத்து ஒப்பிடச் செய்யுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பிள்ளையை அவரருகே உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்கச் செய்யுங்கள். எந்த மாதத்தில் விதைத்தீர்கள்? விதையை எங்கே வைத்துக் காத்தீர்கள்? வித்து யார் கொடுத்தது? விடைகளை எழுதி வையுங்கள். இரப்பர்க் காட்டில் நாற்பது ஆண்டு பால்வெட்டியவர்களின் எண்ணிக்கை இன்று ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. அவர்களோடு அந்த விடைகளும் போய்விடும்.

அடுக்குமாடியிலும் ஒரு தொட்டி வைக்கலாம். சுரை வளர இடமில்லை என்றால் பாகல் வளரும். பாகலுக்கும் இடமில்லை என்றால் ஒரு சிரட்டையில் விதை முளைத்து இரண்டு இலை விடுவதையாவது பிள்ளை காணட்டும். மார்ச்சு வருமுன் விதையை எடுத்து வையுங்கள். ஊறவைக்க ஓர் இரவு போதும்.

உங்கள் ஊரில் எந்த மாதத்தில் விதைத்தார்கள் என்பதை எழுதுங்கள், சேர்த்து வைப்போம்.